ஆடிட்டுக்கு வந்த குழந்தை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஆலை ஒன்றின் மனிதவளத் துறையில் வேலை பார்த்தேன். மனிதவளம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வருகைப் பதிவு, விடுப்பு, பஸ் ஏன் லேட், சாம்பாரில் ஏன் புழு என்கிற பஞ்சாயத்துகள்தான் முக்கால்வாசி நேரம். மிச்ச நேரத்தில் பாலிசி எழுத வேண்டும். சட்டம் என்ன சொல்கிறதோ அதை எடுத்து, கம்பெனி பெயரைச் சேர்த்து, நாலு நல்ல வார்த்தை போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துச் சுவரில் மாட்ட வேண்டும். மாட்டியதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை என்று சேர்ந்த புதிதில் எங்கள் துறைத் தலைவரிடம் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, டீ சாப்பிடறியாம்மா என்றார்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். குரலை உயர்த்தவே மாட்டார். பெண்கள் யாராக இருந்தாலும் 'ம்மா' போட்டுத்தான் பேசுவார். சென்னையிலிருந்து தினமும் காரில் வருவார். கருத்தரங்குகளில் அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். 'தொழிலாளிங்க எல்லாம் நம்ம ஃபேமிலி' என்று மைக்கில் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். கத்துகிற அதிகாரியோடு சண்டை போடலாம். இப்படி ஒருவரோடு என்ன செய்வது? பஞ்சு மூட்டையைக் குத்துகிற கதைதான்.

ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள், பெரியபாளையம், ஆந்திர எல்லையோரம் என்று கம்பெனி பஸ்கள் போய் அள்ளிக்கொண்டு வரும். வயர் கட்ட மெல்லிய விரல் வேண்டும் என்பார்கள். எதிர்த்துப் பேசாத வாயும் வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு பெண்கள் இருக்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இல்லாமல் இருக்க முடியாது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது சட்டம். சட்டத்தைச் சொன்னால் எங்கள் தலைவர் தூக்கத்தில் எழுப்பினாலும் பிரிவு எண்ணோடு ஒப்பிப்பார்.

எங்களிடமும் காப்பகம் இருந்தது. ஸ்டோருக்குப் பக்கத்து அறை. கதவில் முயல் படம். உள்ளே ஒரு தொட்டில், இரண்டு குட்டி மெத்தை, சுவர் முழுக்க பொம்மை ஸ்டிக்கர். தொட்டிலுக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவில்லை. அறை பூட்டியே இருக்கும். ஆயுத பூஜைக்கு வாங்கிய பூசணிக்காய்களையும் தீபாவளி ஸ்வீட் பெட்டிகளையும் அங்கேதான் வைப்பார்கள்.

அது திறக்கிற நாள் ஒன்று உண்டு. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஆலையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பும். அதைத்தான் ஆடிட் என்போம். முந்தைய நாள் கேன்டீனில் ஒத்திகை நடக்கும். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர்கள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். காலையில் கேன்டீன் கான்ட்ராக்டர் தன் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். தரை துடைக்கிற அக்காவுக்கு ரோஸ் கலர் புடவை கட்டி ஆயா ஆக்கிவிடுவார்கள். ஆடிட்டர் எட்டிப் பார்த்து, 'ஸோ ஸ்வீட்' என்று சொல்லிவிட்டுப் போனதும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு சாக்லெட் கொடுத்து வேனில் திருப்பி ஏற்றுவார்கள்.

ஒரு தடவை அதில் ஒரு சின்னப் பெண், ஆடிட்டரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, போன தபா குட்த்த பொம்மய புடுங்கிக்கினாங்க" என்று புகார் செய்துவிட்டாள். ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் தலைவர் கொஞ்சமும் அசராமல், பொம்மை ரொம்பப் பிடித்திருக்கிறது என்கிறாள் என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை துறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தபோது அந்தப் பெண் சொன்னதுதான் அன்றைக்கு ஆலையில் பேசப்பட்ட ஒரே உண்மை என்று தோன்றியது.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில், டேப் சுற்றுகிற வரிசையில் வேலை செய்த ஒரு பெண் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்தாள். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டுக்குக் கொஞ்சம் நெல் கழனி உண்டு. அவள் சிரித்தால் அடுத்த வரிசைக்குக் கேட்கும். நான்கு வருஷம் பயிற்சியாள், தற்காலிகம் என்று இழுத்தடித்து, கர்ப்பமாவதற்குக் கொஞ்சம் முன்புதான் அவளை நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளைக்கு முன் கழிவறைக்குப் போனேன். அவள் வாஷ்பேசின் மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மார்பிலிருந்து பாலைப் பிழிந்துகொண்டிருந்தாள். சீருடைக் கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றேன்.

"பால் கட்டிக்கிச்சி மேடம். கல்லு மாரி கீது. ஊட்ல அது பசில கத்திக்கினு கெடக்கும். பவுடர் பால குட்த்தா துப்புது. இங்க நான் அதுக்கு வெக்க வேண்டியத குழாய்ல ஊத்திக்கினு கீறேன்."

குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தது. மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். நடவு தொடங்கினால் அவரும் கழனிக்குப் போயாக வேண்டும். வேலையை விட்டுவிடு என்று புருஷன் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"அவரு சொல்றதும் ஞாயந்தான் மேடம். ஆனா வுட்டா மறுபடி எட்ப்பீங்களா? பர்மனென்ட் ஆவறதுக்கு நான் இன்னா பாடு பட்டேன் தெர்மா? அந்த முயலு படம் போட்ட ரூம் சும்மாதான கீது. அத்த தொறந்து வுட்டா நான் பாட்டுக்கு வந்துக்கினு போய்க்கினு இருப்பேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். சுவரில் நாங்களே எழுதி மாட்டியதைக் கேட்டாள். நான் நேராகத் தலைவரின் அறைக்குப் போனேன்.

"எத்தனை பேரும்மா கேக்கறாங்க?" என்றார்.

"இப்போதைக்கு ஒருத்தர் சார்."

"ஒருத்தருக்காக ஒரு ஆயா, ஏசி, பால் சூடு பண்ண ஏற்பாடு எல்லாம் பண்ண முடியுமா? அப்படியே பண்ணாலும் நாளைக்கு எல்லாரும் தூக்கிட்டு வருவாங்க."

"வரட்டும்னுதானே சார் சட்டமே போட்டிருக்கான்."

"கொழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு? நீ பிராக்டிகலா யோசி."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப செவுத்துல மாட்டியிருக்கறத கழட்டிடலாமா சார்? ஸ்வீட் பெட்டி வெக்கற ரூம்னு எழுதி மாட்டிடலாம்" என்றேன்.

"உனக்கு எமோஷன் ஜாஸ்திம்மா" என்று சிரித்தார். அப்புறம் பேனாவை உருட்டிக்கொண்டே மேஜைக் காலண்டரைப் பார்த்தார். "தாய்ப்பால் குடிக்கற கொழந்தையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, நீ கேட்ட மாதிரியே செஞ்சிடலாம். அடுத்த வாரம் ரூமைத் தொறந்துடறேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி அந்தப் பொண்ணை வரச் சொல்றேன்."

அடுத்த வாரம் ஆடிட் என்று எனக்குத் தெரியும். ஆடிட்டின் புண்ணியத்தில் ஒரு நல்லது நடந்தால் நடக்கட்டுமே என்று நினைத்தேன். ஒரு முறை திறந்த கதவை யார் மறுபடி பூட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவருக்கு நன்றி வேறு சொன்னேன். அந்த நன்றியை இப்போதும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆடிட் அன்று காலையில் அவள் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இன்னொரு பெண் அவளுடைய பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள். ஏதோ குடிபோவது மாதிரி வந்திருந்தாள். மாற்றுத் துணி, எண்ணெய்க் குப்பி, கிலுகிலுப்பை, கொசுவலை, தன் பழைய புடவை ஒன்று. எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"இங்கயே கெடக்கட்டும் மேடம். தெனமும் தூக்கிக்கினு வர முடியுமா?" என்றாள்.

தொட்டிலின் பிளாஸ்டிக் உறையை முதல் முறையாகப் பிரித்தார்கள். அவள் தன் புடவையை மடித்து உள்ளே விரித்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் பெரிய மைப் பொட்டு வைத்த குழந்தை, சுவரில் இருந்த பொம்மை ஸ்டிக்கரைப் பார்த்துக் கால்களை உதைத்தது. அந்தத் தடவை வந்த ஆடிட்டர் ஒரு பெண்மணி. தாய் வேலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்து பால் கொடுப்பதை நேரில் பார்த்ததும் அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டார். அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு தலையாட்டினாள். எங்கள் தலைவர் பின்னால் நின்று கைகளைக் கட்டிக்கொண்டு, பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன் மாதிரி நெகிழ்ந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மார் வலி இல்லாம இன்னிக்கிதான் மேடம் வேல செஞ்சேன். அத்தைய நாளைலேந்து நடவுக்குப் போவச் சொல்லிட்டேன்" என்றாள். பையை அறையிலேயே வைத்துவிட்டு, குழந்தையோடு பஸ் ஏறினாள்.

பஸ் போன பிறகு ஸ்டோர் பக்கம் போனேன். ஆயா வேஷம் போட்ட அக்கா, ரோஸ் புடவையை மாற்றிக்கொண்டு, தொட்டிலின் மேல் பழைய பிளாஸ்டிக் உறையை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். பிரித்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. அதற்கு டேப் ஒட்டினார்.

"எதுக்குக்கா மூடறீங்க? நாளைக்கு வேணுமே" என்றேன்.

"நாளைக்கு இன்னா மேடம்? ஆடிட்டு முட்ஞ்சிச்சே. பூட்டி சாவிய கேட்ல குட்த்துடச் சொன்னாரு சார்."

ஓடினேன். தலைவர் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டதைத்தானேம்மா செஞ்சேன். வரச் சொன்னேன், வந்தா, சந்தோஷமா போனா. டெய்லின்னு யாரு சொன்னா? சூப்பர்வைசர் அவகிட்ட சொல்லிடுவான்" என்றார்.

சூப்பர்வைசரைப் பிடித்தேன். "எச்.ஆர்ல சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்று தலையைச் சொறிந்தான். அவளுக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. எல்லையோரத்தில் சிக்னல் எப்போதும் பேஜாருதான். அவளுடைய பையை மட்டும் அந்த அக்கா கேட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

மறுநாள் நேரத்தோடு போய் கேட்டில் நின்றேன். பஸ் வருவதற்குள் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பஸ் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார்.

"கொழந்தைய உள்ள வுடக் கூடாதுமா."

"ஐய, நேத்து நீதான தொறந்து வுட்ட?"

"நேத்து வேற, இன்னிக்கி வேறமா. எனக்கு ஆர்டர் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க மேடம்" என்றாள். நான்தான் ஏதோ மறந்துவிட்டேன், வந்து சொன்னால் சரியாகிவிடும் என்கிற மாதிரி பார்த்தாள். அதற்குள் தலைவரின் கார் வந்தது. கூட்டத்தைப் பார்த்து இறங்கினார்.

"ஊட்ல யாரும் இல்ல சார். அத்த நடவுக்குப் போயிட்ச்சி. நேத்து நான் ஏதாச்சும் தப்பு பண்ட்டனா?" என்று கேட்டாள்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பாலிசி அப்படி. இன்னிக்கி லீவ் எடுத்துக்கோ" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, மெதுவாக, "நீ எடுத்துச் சொல்லும்மா. நீயும் ஒரு பொண்ணு" என்றார்.

நானும் ஒரு பொண்ணு. அதனால் அவர் செய்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்கும்படியே சொன்னேன்: "நேத்து ஆடிட்டருக்குக் காட்றதுக்காக உன் கொழந்தைய வரச் சொன்னாரும்மா இவரு. காட்டியாச்சு. ரூம்பைப் பூட்டிட்டாரு."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவரைத்தான் பார்த்தாள்.

"லாரிய வாடகைக்கு எட்க்கறீங்க, சேர வாடகைக்கு எட்க்கறீங்க. எம் பொண்ணயும் அப்டிதான் எட்த்தீங்களா சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற பெண்கள் நகரவில்லை. ஷிப்ட் மணி அடித்தது. சூப்பர்வைசர் வந்து விரட்டியதும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என்ன செய்வார்கள், எல்லோருக்கும் வீட்டில் ஒரு குழந்தையும் ஒரு கடனும் இருக்கிறது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ரோட்டோரமாக, குழந்தையின் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். நானும் கூடப் போனேன். ஷேர் ஆட்டோ ஏறும்போது, "நீங்க போங்க மேடம், உங்களுக்கும் லேட் போட்ருவாங்க" என்றாள்.

அவள் திரும்பி வரவே இல்லை. சில நாள் கழித்து, தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டதாக அவளுக்கு நோட்டீஸ் தயார் செய்யச் சொன்னார் தலைவர். தானாகவே! எங்கள் துறையில் எனக்கு மிகவும் அருவருப்பான வார்த்தை அதுதான். மாட்டேன் என்றேன். பரவாயில்லம்மா என்று அவரே தட்டச்சு செய்து அனுப்பினார். ஆடிட்டுக்கு ஆள் அனுப்பிய கம்பெனிக்கு நடந்ததையெல்லாம் என் பெயர் போட்டே எழுதினேன். அவர்கள் அதை அப்படியே எங்கள் தலைவருக்கு அனுப்பி விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கம் கொடுத்தார். விஷயம் முடிந்தது. அதற்கும் அவர் என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். நான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

அந்த ஆலையை விட்டுக் கிளம்புவதற்கு முன், அந்த வட்டாரத்து மனிதவள அதிகாரிகள் கூட்டம் ஒன்று ஒரு ஹோட்டலில் நடந்தது. மகப்பேறு நலச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது எப்படி என்று எங்கள் தலைவர் பேசினார். திரையில் அந்தப் படம் வந்தது. மைப் பொட்டு வைத்த குழந்தையும், தலை குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும். கூடம் முழுக்கக் கைதட்டியது. அவருக்கு வழக்கம்போல் கண் கலங்கியது. நான் எழுந்து, "அந்தக் கொழந்தை அடுத்த நாள் எங்க இருந்தது சார்? அந்த அம்மா இப்ப எங்க வேலை செய்யறாங்க?" என்று கேட்டேன்.

"சொந்தக் காரணத்துக்காகப் போயிட்டாங்க" என்றார். அடுத்த கேள்வி என்றார்கள். மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

டீ குடிக்கிற இடத்தில் தனியாக நின்றேன். என் வயதுப் பெண் ஒருத்தி, வேறொரு ஆலையின் அதிகாரி, பக்கத்தில் வந்து நின்றாள். ஆறுதல் சொல்ல வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மேடம், நீங்க கேட்டதுலயே எனக்குப் புரிஞ்சிடுச்சி" என்று குரலைத் தாழ்த்தினாள். "செட்டப்புதான? எங்களுக்கும் அடுத்த வாரம் ஆடிட்டு. எல்லாம் ரெடி, கொழந்தைங்கதான் கெடைக்க மாட்டேங்குது. யாரப் புடிக்கறதுன்னே தெரியல."

"உங்க கம்பெனில வேல செய்யற பொம்பளைங்களுக்குக் கொழந்தைங்களே இல்லியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஐயோ, அதுங்கள கூட்டியாரச் சொன்னா, அப்புறம் தெனமும் கூட்டியாந்துடுவாங்களே மேடம்!"